வள்ளி திருமணம்: பச்சை, மஞ்சள், ஊதா. மூணு வள்ளியில் யார், எதனால்?

கொண்டல்

தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் இடையில் ஒரு கடலோர ஊர். வைகாசிப் பொங்கலுக்கு ஒரு ராத்திரி வள்ளி திருமணம் நாடகம் என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது. ராஜபார்ட்டுக்கு (முருகன் வேஷக்காரர்) அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. ஸ்திரீபார்ட்டில்தான் (வள்ளி வேஷம்) இழுபறி. மூன்று பேரைச் சொல்கிறார்கள். மூவரும் இதே ராமநாதபுரக் கரையில் வெவ்வேறு ஊரில் வள்ளி போட்ட நாடகம் முழுசாக யூடியூபில் கிடக்கிறது. பெயரை இங்கே எழுதவில்லை. அந்த வீடியோக்களுக்குக் கீழே ஓடுகிற சண்டையே போதும். கட்டியிருக்கும் சேலையை வைத்துப் பச்சை, மஞ்சள், ஊதா என்று வைத்துக்கொள்வோம்.

பச்சைக்குக் குரல். படுதாவுக்குப் பின்னாலிருந்து தொகையறா (பாட்டுக்கு முன்னால் தாளமில்லாமல் பாடும் வரி) எடுத்தவுடனே கூட்டம் விசிலடிக்கிறது. மஞ்சள் நாரதரைத் தர்க்கத்தில் (பாட்டும் பேச்சுமாக நடக்கும் வாதம்) வியர்க்க வைக்கிறார்; பாட்டு சுமார். ஊதாவுக்கு முகம், நடை, ஆட்டம் எல்லாம் இருக்கிறது. ஆனால் வேடனாக வரும் முருகனோடு பாடும்போது இரண்டு சரணத்தில் ஒன்றை விட்டுவிடுகிறார்.

ஒரே வேஷம், ஒரே கதை. எதை எதோடு வைத்து ஒப்பிடுவது? "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றால் கமிட்டியில் எடுபடாது. காரணம் வேண்டும்.

பின்பாட்டு ரசிகன்

நுழைவுப் பாட்டை மட்டும் வைத்து எடை போட்டால் பச்சைதான் ஜெயிப்பார். அது வள்ளிக்குச் சுலபமான இடம். பபூனும் டான்ஸ்காரரும் காமிக் (நகைச்சுவைக் காட்சி) முடித்துக் கூட்டத்தைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். நள்ளிரவை ஒட்டிய நேரம், தொண்டையும் புதுசு. அங்கே சோடை போகிற ஸ்திரீபார்ட் தொழிலில் நிற்கவே முடியாது.

கல்யாணம் விடியற்காலையில். நடுவே நாலைந்து மணி நேரம் இருக்கிறது. ஆலோலம் (கிளி விரட்டும் பாட்டு) பாடும் இடத்தில் ஐந்து நிமிடம், நாரதர் தர்க்கத்தின் கடைசி அரை மணி, வேடன் வந்து மான் கேட்கும் இடம், விருத்தனுக்கு (கிழவனாக வரும் முருகன்) தேனும் தினைமாவும் கொடுக்கும் இடம். இந்த நாலையும் மூன்று வீடியோவிலும் தனித்தனியாக நேரம் குறித்து எடுத்து வைத்துக்கொண்டு, பச்சையின் ஆலோலம், மஞ்சளின் ஆலோலம், ஊதாவின் ஆலோலம் என்று அடுத்தடுத்துப் பாருங்க. ஒருவரை முழுசாகப் பார்த்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தால் கடைசியாகப் பார்த்தவர்தான் மனசில் நிற்பார்.

அப்புறம் சுருதி. போனில் ஒரு சுருதிப்பெட்டி ஆப் போட்டுக்கொண்டு, ஆலோலத்தில் எத்தனை கட்டை (எந்தச் சாவியை அடி ஸ்வரமாக, ஷட்ஜமாக வைத்துப் பாடுகிறார் என்பதற்கான எண்), விருத்தன் இடத்தில் எத்தனை கட்டை என்று குறிங்க. விடியும்போது அரைக்கட்டை இறக்கிக்கொள்வது தப்பில்லை. ஆர்மோனியக்காரர் ஒரு சாவி இடப்பக்கம் தள்ளி வாசித்துவிடுவார். தப்பு எது என்றால், கட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு மேல் ஸ்தாயி வரும் இடத்தை மட்டும் ஆர்மோனியத்துக்குத் தள்ளிவிடுவது. கூட்டம் கைதட்டும். வரியைப் பாடியவர் வள்ளி இல்லை, ஆர்மோனியம் வாசித்தபடியே பாடும் பின்பாட்டுக்காரர்.

கவண்கல்

பாட்டு பாட்டு என்றே போய்க்கொண்டிருக்கிறீங்க. கவண் வீசுகிறதைப் பாருங்க முதல்ல. ஊதாவைத் தவிர மற்ற ரெண்டு பேரும் கொசு விரட்டுகிறார்கள்.

கவணில் ஒரு நுனி விரலில் மாட்டியிருக்கும், மறு நுனியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்திருக்கணும். நடுப்பட்டையில் கல். தலைக்கு மேல் ரெண்டு மூன்று சுற்று, அப்புறம் அமுக்கின நுனியை மட்டும் விடணும். கல் போகும், கண்ணும் கல்லோடு போகணும், கிளி பறக்கும், அது எங்கே உட்காருகிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த ஆலோலம். ஊதா இதைச் செய்கிறார். கையில் கல்லே இல்லை, ஆனால் அவர் பார்க்கிற திசையில் முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பது வீடியோவில் தெரிகிறது. பச்சை கவணைச் சுற்றிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். மஞ்சள் ரெண்டு நுனியையும் சேர்த்தே விடுகிறார். நிஜக் கவணாக இருந்தால் கல்லும் போகும், கயிறும் போகும்.

சாயல்குடி சாமி

தம்பி, கவண் வீசத் தெரிந்தவரைத்தான் தேடுவதென்றால் தினைக்காட்டிலேயே ஆள் பிடிக்கலாம். விடிய விடிய ஜனத்தை உட்கார வைப்பது தர்க்கம். அதில் மஞ்சள் கிட்ட யாரும் நிற்க முடியாது.

எதைப் பார்க்கணும் என்று சொல்கிறேன். நாரதர் கேள்வியைப் பாட்டில் போடுவார், தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். வள்ளி அடுத்த ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு சுற்று) எடுக்கணும். ஆதி தாளத்தில் எட்டு எண்ணுவதற்குள் பதில் பிறக்கணும். ரெண்டு மூன்று ஆவர்த்தனம் தாண்டினால் ஆர்மோனியம் இட்டு நிரப்பும். ஒரு பத்து நிமிடத்தில் எத்தனை தடவை அப்படி நிரப்பினார்கள் என்று எண்ணிப் பாருங்க. மஞ்சளுக்கு அந்தத் தேவையே வருவதில்லை.

ரெண்டாவது, பதில் நாரதர் கேட்ட சொல்லிலிருந்து கிளம்பணும். "தனியாக் காட்டில் என்ன வேலை" என்று கேட்டால் "தனி"யைப் பிடிக்கணும், அல்லது "வேலை"யைப் பிடிக்கணும். ஆணா பெண்ணா உசத்தி என்று பாடம் பண்ணின பாட்டுக்குத் தாவினால் அது தர்க்கம் இல்லை, ஒப்பித்தல். சந்தேகம் இருந்தால் அதே ஆள் வேறொரு நாரதரோடு செய்த வீடியோவைப் பாருங்க. அதே சிரிப்பு, அதே வரிசையில் வந்தால் பாடம். பச்சை அந்த ரகம். பாடம் நல்ல பாடம்தான், குறை சொல்லவில்லை.

இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டும் கதைப்போக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். மதுரை, புதுக்கோட்டை, மணப்பாறை என்று ஐந்து ஊரிலிருந்து வந்து, ஒத்திகையே இல்லாமல் ஐந்து பேர் மேடையில் நிற்க முடிவது அதனால்தான். பாடத்துக்கு வெளியே ஒரு ஸ்திரீபார்ட் என்ன செய்கிறார் என்பதுதான் அவருடைய சொந்தச் சரக்கு. அதைத்தான் ஒப்பிடணும்.

மூன்றாம் ஜாமம்

சாமி அண்ணே சொல்வதில் பாதி சரி. மீதியை மஞ்சளின் வீடியோவிலேயே பாருங்க. தர்க்கம் மூன்று மணி தாண்டி ஓடுகிறது. வேடன் வரும்போது நாலாகிவிட்டது. விருத்தனுக்குப் பத்து நிமிடம்கூட இல்லை. கிழவன் வந்தார், விக்கினார், தண்ணீர் கேட்டார், யானை வந்தது, தாலி கட்டியாயிற்று. தர்க்கம் ஜெயித்தது, நாடகம் தோற்றது.

வள்ளி மூன்று பேருக்கு மறுப்புச் சொல்கிறாள். அந்த மூன்று மறுப்பும் ஒரே மாதிரியா, வேறு வேறா? மூன்று ஸ்திரீபார்ட்டையும் இந்த ஒன்றை வைத்தே பிரித்துவிடலாம்.

நாரதருக்குச் சொல்லும் மறுப்பில் மரியாதை இருக்கணும். வந்திருப்பவர் முனிவர். வாதத்தில் விடக்கூடாது, ஆனால் சொல்லில் பணிவு போகக்கூடாது. "சுவாமி" என்கிற ஒரு விளியைப் பணிவாகவும் குத்தலாகவும் சொல்லத் தெரியணும். இங்கே உடம்பு அசையாமல் நிற்பது நல்லது.

வேடனுக்குச் சொல்லும் மறுப்பு கோபம். இளவட்டம், தனி இடம், அத்துமீறிப் பேசுகிறான். கோபத்துக்கு உள்ளே கண் ஒரு தரம் அவனை அளக்கணும். அளந்தது அவளுக்கே தெரியக்கூடாது. அதிகப்படி செய்தால் கோபம் பொய்யாகிவிடும், செய்யாமலே விட்டால் கடைசியில் இவனைத்தான் கட்டப்போகிறாள் என்பதற்கு வித்தே இருக்காது.

விருத்தனுக்கு முதலில் மறுப்பே கிடையாது, இரக்கம். தேனும் தினைமாவும் கொடுக்கிறாள், விக்கலுக்குச் சுனைக்குக் கூட்டிப்போகிறாள். அந்தக் கிழவன் கல்யாணப் பேச்சை எடுத்தவுடனே வரவேண்டியது கோபமில்லை, சிரிப்பு. சிரித்து முடித்த பிறகுதான் திடுக்கிடுதல். இந்த ஒழுங்கு மாறினால் யானை வரும்போது கட்டிப்பிடிப்பதற்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

பச்சை மூன்று பேரிடமும் ஒரே சிடுசிடுப்பு. மஞ்சள் நாரதரிடம் பிரமாதம், வேடனிடமும் அதே வாயாடித்தனம், விருத்தனிடம் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். "இவர் யார்னு நமக்குத் தெரியும்" என்கிற மாதிரி. ஜனங்களுக்குத் தெரியும், வள்ளிக்குத் தெரியக்கூடாதே! ஊதா மூன்றையும் பிரிக்கிறார். விருத்தன் இடத்தில் அவர் சிரிக்கிற சிரிப்புக்காகவே அந்த வீடியோவைப் பார்க்கலாம்.

சாயல்குடி சாமி

நேரம் தாண்டியதற்கு வள்ளியை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. நாரதர் விட்டால்தானே. மற்றது யோசிக்க வேண்டிய பேச்சுதான்.

பழைய தட்டு

இந்தச் சண்டை புதுசில்லை. வள்ளி குரலா முகமா என்பதற்குச் சினிமா எப்போதோ ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது.

1933இல் வந்த வள்ளி திருமணம் படத்தில் டி. பி. ராஜலட்சுமி வள்ளி. மேடையிலிருந்து வந்தவர், அவரே பாடி அவரே நடித்தார். 1945இல் ஏவி. மெய்யப்பனின் ஸ்ரீவள்ளி. டி. ஆர். மகாலிங்கம் முருகன், ருக்மிணி வள்ளி. மகாலிங்கத்தின் குரலுக்கு ஈடாக நிற்கவில்லை என்று ருக்மிணியின் பாட்டுக்குப் பதிலாகப் பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். அங்கேயே வள்ளி ரெண்டு பேராகப் பிரிந்துவிட்டாள். 1961இல் பத்மினி. ஆட்டம் அவருடையது, பாட்டு வேறொருவருடையது. அதில் மகாலிங்கம் நாரதராகிவிட்டார் என்பது உபரித் தகவல்.

மேடையில் இந்தச் சலுகை கிடையாது. பாட்டு, பேச்சு, ஆட்டம், கவண் எல்லாம் ஒரே உடம்பிலிருந்து வரணும், அதுவும் ஒரே இரவில். அதனால் படத்து வள்ளியை வைத்து மேடை வள்ளியை அளக்காதீங்க.

கே. பி. சுந்தராம்பாளை இழுக்கிறவர்களுக்கும் ஒன்று. 1926இல் இலங்கையில் நாடக நடிகர் கிட்டப்பாவோடு சேர்ந்து மேடையேறிய சுந்தராம்பாள் எப்படி நடித்தார் என்று நாம் கண்ணால் பார்க்க வழியில்லை. நம்மிடம் இருப்பது இசைத்தட்டுக் குரல். அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். மேடையில் விரித்துப் பாடுகிற பாட்டை அதற்குள் மடித்து வைத்தார்கள். அதில் நிரவல் (ஒரே வரியை விரித்து விரித்துப் பாடுவது) குறைவு என்றோ, விறுவிறுப்பு அதிகம் என்றோ சொல்வது தட்டைப் பற்றிய பேச்சு.

அந்தத் தலைமுறை ஏன் அவ்வளவு உயர்ந்த கட்டையில் பாடியது என்பதற்கும் காரணம் உண்டு. மைக் இல்லை. கடைசி வரிசைக்குப் போய்ச் சேரணும். சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபையில் ஸ்திரீபார்ட் போட்டது குரல் உடையாத பையன்கள். இன்றைக்கு மைக் முன்னால் நின்றுகொண்டு அந்தக் கட்டையை எட்டிப்பிடிப்பது அவசியமே இல்லை. இருந்தும் கட்டை குறைந்தால் மட்டம் என்கிற நினைப்பு நம்ம பக்கத்தில் போகவில்லை.

கவண்கல்

அப்போ ஊதா குறைந்த கட்டையில் பாடினால் தப்பில்லை என்று சொல்றீங்க. சந்தோஷம்.

மைக்செட் மண்டபம்

ஒப்பிடுவதற்கு முன்னால் மூன்று வீடியோவின் ஒலியும் எங்கிருந்து எடுத்தது என்று பார்த்தீங்களா? பார்த்தேன், மூன்றும் மூன்று விதம். பச்சையின் வீடியோ மிக்சரிலிருந்து நேராக ஒயர் போட்டு எடுத்தது. எக்கோ தாராளமாக விட்டிருக்கிறார்கள். எக்கோ சுருதி பிசகை மூடிவிடும். ஒரு ஸ்வரம் அடங்குவதற்குள் அடுத்தது அதன் மேல் விழுவதால் கால் கட்டை விலகல் காதுக்குத் தெரியாது. அதே எக்கோ தர்க்கத்தில் எழுத்தைத் தின்றுவிடும். பச்சையின் வசனம் புரியவில்லை என்று யாரோ கீழே திட்டியிருக்கிறார்கள். அது அவர் நாக்கின் குற்றம் இல்லை.

மஞ்சளின் வீடியோ கூட்டத்தில் உட்கார்ந்து போனில் எடுத்தது. கூட்டத்தின் சிரிப்பு பக்கத்திலேயே கேட்கும், பாட்டு தூரத்தில் கேட்கும். தர்க்கம் தூக்கலாகவும் பாட்டு சுமாராகவும் தெரிவதில் இதற்கும் பங்கு உண்டு.

ஊதாவுடையதில் காற்று. படுதா பாய்மரப் பாய் மாதிரி உப்புகிறது, மைக்கில் குபுகுபு என்று அடிக்கிறது. அந்த மைக்குக்குப் பஞ்சு உறை போடவில்லை. பஞ்சு போட்டு, மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டிருந்தால் முக்கால்வாசி போயிருக்கும். பெண் குரலில் அதற்குக் கீழே இழக்க ஒன்றும் இல்லை. மிருதங்கத் தொப்பி (இடப்பக்கத் தலை) மைக்கில் மட்டும் வெட்டக்கூடாது.

நம்ம கரையில் மேடையை எந்தப் பக்கம் பார்த்துப் போடுகிறோம் என்பதும் முக்கியம். சாயங்காலம் கடல்காற்று, நள்ளிரவுக்கு மேல் பெரும்பாலும் கரைக்காற்று. வைகாசி கடந்து கச்சான் (மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று) பிடித்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு. காற்று நடிகரின் முதுகில் அடிக்கிற மாதிரி மேடை இருந்தால் மைக்குக்கு அவர் உடம்பே மறைப்பு, சத்தமும் கூட்டத்தை நோக்கிப் போகும். எதிர்க்காற்று என்றால் ஸ்திரீபார்ட் தன்னையறியாமல் மைக்கை விழுங்குகிற மாதிரி நெருங்கிப் பாடுவார். அப்போது "ப", "த" எல்லாம் வெடிக்கும். நாலு விரல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நிற்கணும்.

வலந்தலை

இவ்வளவு பேசிவிட்டு முக்கியமானதை விட்டுட்டீங்க. ஊதா ஏன் சரணத்தை விடுகிறார் என்று யாராவது கட்டை வைத்துப் பார்த்தீங்களா?

ஆலோலத்தில் அவர் 5 கட்டை. ரெண்டு சரணமும் முழுசாகப் பாடுகிறார், மேல் பஞ்சமம் (மேல் ஸ்தாயி ப) வரைக்கும் தொடுகிறார். வேடன் வந்ததும் 6 கட்டை! அந்த வீடியோவில் ராஜபார்ட் 2 கட்டைக்காரர். 2 கட்டைக்குப் பஞ்சமம் 6 கட்டை. ஜோடிப் பாட்டில் ஆர்மோனியக்காரர் சாவி மாற்றச் சோம்பல்பட்டு, ராஜபார்ட்டின் பஞ்சமத்தையே வள்ளிக்கு ஷட்ஜமாகக் கொடுத்துவிட்டார். ஒரு முழுக் கட்டை ஏற்றம். முதல் சரணம் கீழே நடப்பதால் சமாளிக்கிறார். ரெண்டாவது சரணம் மேலே போகிறது, போனால் கிழியும். அதனால் விட்டுவிட்டு முகத்தில் ஈடு கட்டுகிறார். மத்திமத்தை (ம) கொடுத்திருந்தால் 2க்கு மத்திமம் 5. அவருடைய சொந்தக் கட்டை. ஒரு வார்த்தை முன்னாலே பேசியிருந்தால் முடிந்த வேலை.

பச்சை 5½. அவரோடு பாடிய ராஜபார்ட் 1½. அது இயல்பாகவே பஞ்சமம், பொருந்திவிட்டது. மஞ்சள் 4½, அவருடைய ராஜபார்ட்டும் 1½, மத்திமம். அதுவும் பொருத்தம். ஆக ரெண்டு பேருக்குக் கட்டை அமைந்தது, ஒருவருக்கு அமையவில்லை. இதைப் பார்க்காமல் "ஊதாவுக்குப் பாட்டு வராது" என்று தீர்ப்பு எழுதினால் எப்படி?

இன்னொன்று. அந்த வீடியோவில் விடியற்காலை மிருதங்கம் சுருதி இறங்கியே கிடக்கிறது. கடற்கரை ஈரத்தில் வலந்தலை (வலப்பக்கத் தலை) தோல் தளரும். வார்ப்பின்னலில் தட்டித் தட்டி ஏற்றுவதற்கும் ஓர் அளவு உண்டு. தொப்பியில் ஒட்டின ரவை காற்றில் சீக்கிரம் காய்ந்து உதிரும், மறுபடி பிசைந்து வைக்கணும். 2 கட்டைக்கும் 6 கட்டைக்கும் ஒரே மிருதங்கத்தை வைத்துக்கொண்டு மிருதங்கக்காரர் படுகிற பாடு தனிக்கதை. ஆர்மோனியத்தில் ஒரு ரீடு வேறு அடைத்து ஒலிக்கிறது. உப்புப் படிந்து பித்தளை நாக்கின் நுனி கனத்தால் அந்த ஸ்வரம் மட்டும் இறங்கிப் பேசும். பாடுகிறவர் அந்த ஸ்வரத்தில் நிற்கும்போது பிசகினது குரலா பெட்டியா என்று ரெண்டு தரம் கேட்ட பிறகு சொல்லுங்க.

பின்பாட்டு ரசிகன்

கட்டை விஷயத்தில் கையெடுத்துக் கும்பிடுகிறேன் ஐயா. ஒரு திருத்தம் மட்டும். ஆர்மோனியக்காரருக்குச் சோம்பல் என்று சொல்ல வேண்டாம். ஸ்பெஷல் நாடகத்தில் (வெவ்வேறு ஊரிலிருந்து தனித்தனியாக ஆள் பிடித்துப் போடுவது) வள்ளியின் கட்டை என்ன என்பதே அவருக்கு அன்றைக்கு மேக்கப் அறையில்தான் தெரியும், சில சமயம் தொகையறா கேட்டுத்தான் தெரியும். ஜோடிப் பாட்டில் ராஜபார்ட்டின் சுருதியை மாற்றச் சொல்லும் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

கொண்டல்

நாலு இடத்தையும் வெட்டி எடுத்து அடுத்தடுத்துப் பார்த்தாயிற்று. முதலில் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற வேண்டியதுதான்.

ஆலோலம்: குரலில் பச்சை. செய்கையில் ஊதா, கவண்கல் சொன்னது அப்படியே. மஞ்சள் இங்கே பறவையை விரட்டவே இல்லை, கூட்டத்தோடு பேசுகிறார்.

தர்க்கத்தின் கடைசி அரை மணி: மஞ்சளுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. எண்ணியும் பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஆர்மோனியம் இட்டு நிரப்பியது மஞ்சளுக்கு ஒரே தடவை, அதுவும் நாரதர் இருமினபோது. பச்சைக்கு நாலு. ஊதாவுக்கு ஆறு, ஆனால் அந்த ஆறு இடைவெளியிலும் அவர் சும்மா நிற்கவில்லை. கிளியைப் பார்க்கிறார், பரண் ஏணியில் கால் வைக்கிறார். பதில் தாமதமாக வந்தாலும் வள்ளி யோசிக்கிறாள் என்றுதான் தெரிகிறது, நடிகை தடுமாறுகிறார் என்று தெரியவில்லை.

விருத்தன் இடம்: பச்சைக்கு இங்கே குரல் 5. அரைக்கட்டை இறங்கியும் மேலே போகும் வரியை ஆர்மோனியம்தான் முடிக்கிறது. மஞ்சளுக்கு நேரமே மிச்சமில்லை. ஊதா தனியாகப் பாடுகிற இடத்தில் மறுபடியும் 5க்கு வந்துவிடுகிறார், நள்ளிரவில் இருந்த அதே குரல். வலந்தலை ஐயா சொன்னது இங்கே உறுதியாகிறது.

ஒரு சந்தேகம். யானை வரும் இடத்தில் மூன்று பேரும் மூன்று மாதிரி செய்கிறார்கள். எது முறை?

மூன்றாம் ஜாமம்

முறை என்று கல்வெட்டு ஒன்றும் இல்லை. ஆனால் கெட்டுப்போவது எங்கே என்று சொல்லலாம். பெரும்பாலான நாடக செட்டில் யானை என்பது பக்கவாத்தியத்தில் உட்கார்ந்திருக்கிற ஆல்ரவுண்டுக்காரர் எழுப்புகிற சத்தம்தான். சத்தம் வந்தவுடனே பாய்ந்து கட்டிக்கொள்கிற வள்ளி, அதற்காகவே காத்திருந்த மாதிரி தெரியும். பச்சை செய்வது அது. மஞ்சள் ஓடி ஓடிச் சுற்றுகிறார். சிரிப்பு வருகிறது, பயம் வரவில்லை.

மூன்று அடி இருக்கணும். முதல் சத்தத்தில் வள்ளி யானையைத் தேடணும். காட்டில் பிறந்தவள், எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஓடமாட்டாள். ரெண்டாவதில் கையில் கவணை எடுத்துப் பார்த்து, இது கிளி இல்லை என்று கை தளரணும். மூன்றாவதில்தான் கிழவன். ஊதா கவணை நழுவவிடுகிற இடம் இதுதான். நள்ளிரவில் கவணை ஒழுங்காகப் பிடித்தவருக்குத்தான் விடியலில் அதை நழுவவிடுவது எடுபடும். கவண்கல் தம்பி ஆரம்பத்திலேயே பிடித்தது சும்மா இல்லை.

இதே ஆளுக்கு ஞானசௌந்தரி நாடகத்தில் அந்த வேஷம் கொடுத்துப் பார்க்கணும். கை வெட்டுப்பட்ட பிறகு கையே இல்லாமல் நடிக்கிற வேஷம். கையை நம்பி நடிப்பவரா, கண்ணை நம்பி நடிப்பவரா என்பது அங்கே தெரிந்துவிடும்.

சாயல்குடி சாமி

ஊதாவைக் கூப்பிட்டால் நாரதர் பெரிய வாயாடியாக இருக்கக்கூடாது. அதை மறந்துடாதீங்க. பதமாகப் பேசி, கேள்வியை எடுத்துக் கொடுக்கிற நாரதராகப் பாருங்க. இல்லையென்றால் ரெண்டு மணிக்கே கூட்டம் எழுந்து போய்விடும். மீன்பிடித் தடைக்காலம், ஜனம் கரையில்தான் இருக்கும், விடிய விடிய உட்காரத் தயாராக வரும். தர்க்கம் இல்லாமல் அனுப்பினால் கமிட்டியை விடாது.

கொண்டல்

எங்கள் ராஜபார்ட்டிடம் போனில் கேட்டாயிற்று. அவர் 1½ கட்டை. ஊதா 5. இது பொருந்துமா?

வலந்தலை

நேராகப் பொருந்தாது. 1½க்கு 5 என்பது மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே பிரதி மத்திமத்தில் போய் விழும், அதுமேல் ஜோடிப் பாட்டு நிற்காது. ரெண்டு வழி. ஊதா அரைக்கட்டை ஏறி 5½ வந்தால் பஞ்சமம், அரைக்கட்டை இறங்கி 4½ வந்தால் மத்திமம். இறக்கச் சொல்லுங்க. ராஜபார்ட்டின் ஷட்ஜம் அவருக்குப் பஞ்சமமாக நிற்கும். மிருதங்கத்தை 1½க்குச் சேர்த்து வைத்தாலும் அவர் பாட்டில் உறுத்தாது. விட்டுப்போன ரெண்டாவது சரணமும் திரும்பி வரும். ஆலோலத்தை அவருடைய 5லேயே பாடிக்கொள்ளட்டும், அங்கே அவர் தனிதானே. இதை ஆர்மோனியக்காரரிடம் அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிடுங்க, மேக்கப் போட உட்காரும் முன்னால். மிருதங்கக்காரரிடம் ரெண்டு மிருதங்கம் கொண்டுவரச் சொல்லி, வண்டிச் செலவைக் கமிட்டி கொடுத்துவிடுவது நல்லது. ரவையும் ஒரு கால் கிலோ வாங்கி வைங்க, அவர் கொண்டுவருவது காற்றுக்குப் பத்தாது.

மைக்செட் மண்டபம்

மேடை மைக் மூன்றுக்கும் பஞ்சு. எக்கோவைத் தர்க்கம் தொடங்கும்போது கால்வாசிக்குக் குறைக்கணும் என்று ஆபரேட்டரிடம் எழுதியே கொடுத்துடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் தூங்கிக்கொண்டிருப்பார், எழுப்பிச் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.

கவண்கல்

நடு மைக் கம்பத்தை ரெண்டு முழம் தள்ளி நடச் சொல்லுங்க. ஊதா கவணை நிஜமாகவே சுற்றுவார்.